தகடு வெட்டாத பெட்டிகள்

கொருக்குப்பேட்டைக் கிடங்கில் இரவு ஷிப்டு.
மூட்டைமேல் துத்தநாகத் தகட்டை வைத்து
நீல மையைத் தேய்ப்பது என் வேலை.
மூட்டைக்கு நாற்பது பைசா.

'இந்திய மக்களின் அன்பளிப்பு. விற்பனைக்கு அல்ல.'
இங்கிலீஷில் ஒரு தரம்,
எனக்கு வாசிக்க வராத அந்த நாட்டு எழுத்தில் ஒரு தரம்.
தமிழில் கிடையாது.

நகக்கண் வரைக்கும் நீலம். சோறு பிசைந்தால் நீலம்.
யாருக்கும்மா அரிசி என்றான் பிள்ளை.
குண்டு விழுந்த ஊருக்கு.
யாரு போட்ட குண்டு?
நாலாம் வகுப்புதான் படிக்கிறான்.
சாப்பிடுடா என்றேன்.

அரிசி போவதில் எனக்கு வருத்தமில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
டீக்கடையில் கஜபதி அதைப் பிடித்துத்தான் தொங்குவார்:
"இங்க ரேஷன்ல வண்டு மேயுது, அவனுக்கு இன்னாத்துக்கு அள்ளிக் குடுக்குறான்?"
வெள்ளம் வந்த வருஷம்
எழில் நகரில் மொட்டை மாடியில் மூன்று நாள் கிடந்தேன்.
மேலிருந்து விழுந்த பிஸ்கட்டின் உறையில்
இருந்தது என்ன மொழி என்று
இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.
உறையை நக்கினேன். அது தெரியும்.

போன வியாழன் மழையில் மை கரைந்துவிட்டது.
என்னையும் ரஹ்மத்தையும் லாரியில் ஏற்றி
ஹார்பருக்கே கொண்டுபோனார்கள்,
அழிந்ததைத் திரும்பப் போட.
கப்பலின் வயிறு திறந்திருந்தது.
எங்கள் மூட்டைக்குப் பக்கத்தில்
பாசிப்பச்சையில் மரப்பெட்டிகள்.
ஒன்றைத் தூக்க நாலு ஆள் திணறினார்கள்.
பெட்டிமேல் எண் மட்டும்.

கை பழக்கம். தகட்டைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டேன்.
"ஏம்மா! அத்த எடு, எடு!"
காவலுக்கு நின்றவன் ஓடி வந்தான். சின்னப் பையன்.
இதில் என்ன தம்பி?
உதிரி பாகம்.
எதுக்கு உதிரி?
அவன் கடலைப் பார்த்தான்.
எந்த ஊருக்கு?
கப்பல் எந்த ஊருக்குப் போவுதோ அந்த ஊருக்குத்தான்.

நான் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும்
எடுத்த காசுதானே இரண்டும்.
ஒன்றில் என் பேரை நானே தேய்த்து ஒட்டுகிறேன்.
மற்றதில் ஏன் பேர் இல்லை?

அந்தக் கரையில் ஒருத்தி மூட்டையைப் பிரிப்பாள்.
அவள் எழுத்திலேயே வாசிப்பாள், மக்களின் அன்பளிப்பு என்று.
சாயங்காலம் கூரைமேல் விழுகிறதில்
வாசிக்க ஒன்றும் இருக்காது.
அது வேறு யாரோ அனுப்பியது என்று நினைப்பாள்.
நம்மை வாழ்த்தினாலும் வாழ்த்துவாள்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு, தண்டையார்பேட்டையில் தெருமுனைக் கூட்டம்.
அறுபது பேர், இரண்டு ஜீப் போலீஸ்.
கேட்டதற்கு டெல்லி அனுப்பிய பதிலைப் படித்தார்கள்:
நாட்டின் நலன் கருதித் தெரிவிக்க இயலாது.
கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்ற வரதய்யா எழுந்தார்.
"நாம குடுக்கலைன்னா இன்னொருத்தன் குடுப்பான்.
அவன் வந்து நம்ம வாசல்ல உக்காருவான்."
கத்தாமல்தான் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
இருக்கலாம்.
உலகக் கணக்கு எனக்குத் தெரியாது.
மூட்டைக் கணக்கு தெரியும்:
மூவாயிரத்து இருநூறு மூட்டை, பெட்டி நானூற்றுப் பதினொன்று.
திரும்பி வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன்.

டோல்கேட் பக்கம் தகடு வெட்டும் மஸ்தான் பாய்.
எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய், புள்ளிக்குக் காசில்லை.
பழைய வாசகம்தானே என்று உளியை எடுத்தார்.
தமிழில் வேண்டும் பாய் என்றேன்.
நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.
'இந்திய மக்களின்' வரைக்கும் வெட்டி,
துருவலை ஊதிவிட்டுக் கேட்டார்,
"அப்புறம் இன்னா?"

வெளியே கண்டெய்னர் லாரிகள்
எண்ணூர் வரைக்கும் வரிசையில் நின்றன.
எல்லாவற்றிலும் சீல்.
டிரைவர்கள் கீழே படுத்திருந்தார்கள்.