விரிசலோடு

நான் எதையும் வாசிப்பதில்லை.
வண்டி ஓட்டுகிறேன், நாற்காலி எண்ணுகிறேன்,
மானிய விண்ணப்பங்களில் இந்த நால்வரையும்
எண்பது சொற்களுக்குள் மடித்து வைக்கிறேன்.

பிரினா எழுதி அனுப்பிய புதுப்படைப்பில்
வயோலா இருந்தது, செலோ இருந்தது,
பாஸ் கிளாரினெட் இருந்தது.
நான்காவது வரியில்
ஏழு பூந்தொட்டிகள்.
சுட்ட மண். பிளாஸ்டிக் ஆகாது.
ஐந்தாவது தொட்டிக்குக் கேட்டிருந்த சுரம்
பியானோவிலேயே கிடையாது.
வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே
தூசி படிகிற இடத்தில்தான் அது இருக்கிறது.

மார்ச் முழுக்க மாரிபோரின் தோட்டக்கடைகளில்
கோராஸ்தும் நானும்.
அவன் சட்டைப்பையில் இசைக்கவை.
காதோரம் ஒரு தொட்டியைத் தூக்கி
நூல் சுற்றிய குச்சியால் ஒரு தட்டு.
கீழே வைப்பான். அடுத்தது. இன்னொரு தட்டு.
என்ன செடி வைக்கப் போகிறீர்கள் என்றாள்
கடைக்காரப் பெண்மணி.
எதுவும் இல்லை என்றான்.
மண் மூட்டையை எடுக்கப் போனவள்
பாதி வழியில் நின்றுவிட்டாள்.

ஆறு தொட்டிகள் ஒரே வாரத்தில் அமைந்தன.
ஐந்தாவது,
திராவா ஆற்றின் மறுகரையில்
கல்லறைத் தோட்டத்து வாசல் கடையில் கிடைத்தது.
நான்கு யூரோ இருபது.
ரசீதில் 'செவ்வந்திக்கு' என்றிருந்தது.

பழைய நூல் ஆலை, மூன்றாம் மாடி, ஒத்திகை.
வெப்பக்குழாய் நினைத்தால் வேலை செய்யும்.
எண்பத்தெட்டாவது அளவில்
ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்கு ஏழு,
த்யாஷா பூட்ஸுக்குள் கட்டைவிரலால் எண்ணுகிறாள்.
அதன் மேலே பிரினாவின் குறிப்பு:
'யாரோ சொல்ல வந்து விட்டுவிட்டதைப் போல.'
அது எவ்வளவு சத்தம் என்கிறான் யெர்னெய்.
வில்லை இன்னும் அழுத்து என்கிறாள் ஸாலா,
அழுத்தினால் கதவு மாதிரி இருக்கிறது என்கிறான் இவன்,
கதவாகவே இருக்கட்டும் என்கிறாள் அவள்.
பதினோரு விநாடி இசைக்கு
மூன்று மணி நேரம் போயிற்று.
நான் அவர்களுக்கு வாங்கிவந்த சூப்
நான்கு கிண்ணங்களிலும் ஆடை கட்டிக்கொண்டது.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை.
கோரோஷ்கா சாலையில்
குறுக்கே வந்த சைக்கிளுக்காக பிரேக் போட்டேன்.
பின்னால், போர்வைக்குள்
ஆறு தொட்டிகள் வாய் திறக்கவில்லை.
ஒன்று மட்டும் ஏதோ சொன்னது.

மயிரிழைக் கீறல்.
கல்லறை வாசல் கடை சாத்தியிருந்தது.
கோராஸ்த் தட்டிப் பார்த்தான்:
சுரம் அங்கேதான் இருக்கிறது,
அதன் பின்னால் ஒரு குளவி,
கண்ணாடி டம்ளருக்குள் அகப்பட்டது போல.
அவன் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மாலையில் முப்பத்தொரு பேர்,
அரங்கக் காவலாளியின் நாயையும் சேர்த்து.
எண்பத்தெட்டாவது அளவு வந்தது.
குளவி எழுந்தது.
அடுத்த சுரத்தைத் துல்லியமாய்த் தொட வேண்டிய த்யாஷா
அதில் கொஞ்சம் வெறும் மூச்சைக் கலந்தாள்.
ஸாலாவின் வில் தானாகவே
குதிரைப் பக்கம் நகர்ந்தது, ஒலி மெலிந்து சொரசொரத்தது.
யெர்னெய் அந்தக் கதவை
மூடாமல் விட்டான்.
இதை யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை.
இரண்டாம் வரிசையில் ஒரு பெண்
தொடுத்த இருமலைத் தொண்டைக்குள் நிறுத்தினாள்.
விளக்குப் பொத்தானருகே நின்ற நான்
என் பிரேக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பிரினா வந்தாள், கையில் பென்சில்.
ஐந்தாவது தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இதை எப்படி எழுதுவது?
சுரத்தின் அடியில் ஒரு கோணல் கோடு போட்டாள்.
அழித்தாள். 'விரிசலோடு' என்று எழுதினாள்.
அதையும் அழிக்கப் போய்
அழிப்பானைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

ஜூனில் லைப்சிகிலிருந்து ஒரு குழு கடிதம் போட்டிருக்கிறது.
அவர்களும் இதை வாசிக்கப் போகிறார்களாம்.
ஐந்தாவது தொட்டியை எங்கே வாங்கினீர்கள்,
விரிசலோடுதான் விற்கிறார்களா?

மூன்று நாளாகப் பதில் எழுதுகிறேன்.
கடையின் பெயர், விலை, சாலையின் பெயர்,
போர்வை கம்பளி என்பது வரை எழுதியாயிற்று.
வேகம், மணிக்கு நாற்பது கிலோமீட்டர்.
கடிதத்தை ஒட்டிவிட்டு,
பிரித்து,
ஐம்பத்தைந்து என்று திருத்தினேன்.