கழித்த பின்

கொக்குவில், இரவு ஒன்றரை.
விண்மீன்திரள்களை ஒவ்வொன்றாய்க்
கழித்துக்கொண்டு வருகிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் போன பிறகும்
திரையில் ஒரு புகைச்சல்,
எந்தத் திரளுக்கும் சொந்தமில்லாமல்.

"பலாலி றேடார்," என்றான் றெஜினோல்ட்.
றேடார் கோடாய் வெட்டும்.
இது பரவிக் கிடக்கிறது.

கணக்கு இவ்வளவுதான்:
இலத்திரன் பத்துக் கோடி வருடத்தில் ஆறிவிடும்.
நடுவிலிருந்து விளிம்புக்கு
அதற்குள் போய்ச் சேராது.
ஆக, கிடந்த கிடையிலேயே
யாரோ மூட்டியிருக்கிறார்கள்.

யாருமில்லை, மோதல்.
இரண்டு திரள்கொத்துகள்
ஒன்றையொன்று ஊடறுத்து
எப்போதோ விலகிவிட்டன.
கலங்கல் இன்னும் தெளியவில்லை.

கரண்ட் போனது.
இருட்டில் கேட்டான்:
"அடுத்த மோதல் வராட்டி?"
"அணைஞ்சுபோகும்."

வெளியே காவலாளி
ஜெனரேற்றர்க் கயிற்றை
இழுத்து இழுத்துப் பார்த்தார்.