சிக்னல் இல்லை

பொகவந்தலாவையில் நாலு மணிக்கே இருட்டு.
தகரத்தின் மேல் குந்தி
டிஷ்ஷை ஒரு விரலளவு கிழக்கே தள்ளுகிறேன்.
"வந்துருச்சா?"
"இல்லங்க... வருது, வருது, ஆ, நிப்பாட்டுங்க!"

இறங்கி வந்தால் பிளேன்டீ தருகிறார் சரோஜினிதேவி.
இரவு வேலைக்குப் போகவேண்டிய அவர் புருஷன்
ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு
படம் பார்க்கிறார்.
விண்வெளித் தொடர். தமிழில் பேசவிட்டிருக்கிறார்கள்,
எந்த ஊர்த் தமிழோ.
கப்பலுக்குள் நாற்பது பேர்.
வெளிக்கூண்டில் ஆறு பேர், தளபதியின் சொந்த ஆட்கள்.
மூச்சு நாற்பது பேருக்குத்தான் மிச்சம்.
கதவின் பிடியில் அவன் கை.
அந்தப் பக்கமிருந்து தட்டுகிறார்கள்.

காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்று
எட்டாம் வகுப்பில் படித்தேன்.

கேட்கும்.

எழுபத்தேழில் அடிவாங்கி மலை இறங்கிய ஐயா
வன்னியில் காடு வெட்டிக் கட்டிய வீட்டை விட்டு
நான் டிராக்டரை எடுத்த பங்குனி.
பெட்டியில் பதினேழு பேர், ஒரு தையல் மெசின்.
தையல் மெசினை இறக்கியிருக்கலாம்.
பின்பலகையைப் பிடித்து ஓடிவந்தவள்
பெயர் சொல்லித் தட்டினாள்.
என் பெயர்.
நான் கியரை மாற்றினேன்.

பதினேழில் பதினைந்து பேர் உயிரோடு.
டொரொண்டோவிலிருந்து ஒருவன்
தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து நன்றி சொல்வான்.
லைன் சரியில்லை என்பேன்.

"இவன் நல்லவனா, கெட்டவனா?"
அவர் என்னைக் கேட்கவில்லை, டிவியைக் கேட்கிறார்.
"அடுத்த கிழம தெரிஞ்சுரும்" என்கிறார் சரோஜினிதேவி,
"தண்டன குடுப்பாங்க. இல்லாட்டி மெடல்."

அப்போதுதான் மழை பிடித்தது.
தளபதியின் முகம் சதுரஞ் சதுரமாய் உடைந்து
கை ஒரு மூலையில், கதவு ஒரு மூலையில்.
பிறகு வெறும் நீலம்.
சிக்னல் இல்லை.

"தொறந்தானா, சாத்திட்டானா?"
இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.
வானத்தைச் சரிபண்ண வந்தவன் நான்தானே.

தெரியும் என்று சொல்லவில்லை.
மழை விட்டால் வரும் என்றும் சொல்லவில்லை.
ஸ்பேனரை வாயில் கடித்துக்கொண்டு
திரும்ப ஏறுகிறேன்.
நட்டு வழுக்குகிறது. பனிக்குள் மலையும் இல்லை,
பக்கத்து லயமும் இல்லை.
மேலே எங்கேயோ நகராமல் நிற்கும் ஒன்று
இந்நேரம் எல்லா வீட்டுக்கும்
அந்தக் கதவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கீழிருந்து தகரத்தைத் தட்டுகிறார்கள்,
வந்துவிட்டது என்றோ
வரவில்லை என்றோ.

"கேக்குது" என்கிறேன்.
மறுபடி தட்டுகிறார்கள்.
"கேக்குதுங்க."