பதினான்காம் பை

குடும்பிமலைக் காட்டில்
வலைப்பை இருபது வைத்தோம்,
பைக்குப் பத்துக் கிராம் வீரைச் சருகு.
கச்சான் வீசிய மாதமெல்லாம்
தராசில் இலக்கம் மாறவில்லை.
"இலைக்கும் லீவு" என்றான் றொசாந்தன்.

கார்த்திகை மழைக்குப் பிறகு திறந்தால்
வெள்ளைப் பூஞ்சை நூல்,
சுருண்டுகொண்ட ஒரு மரவட்டை,
நரம்பு மட்டும் மிஞ்சிய இலை.
மூன்று கிராம்.
போன ஏழுக்கும் படிவத்தில் 'இழப்பு' என்று பெயர்.
யாருக்கு?

பதினான்காம் பை
இழுக்க வரவில்லை.
கண்ணுக்குக் கண் முடிபோல வேர் நுழைந்து
குடித்துக்கொண்டிருந்தது.
றொசாந்தன் கத்தியை நீட்டினான்.
நான் சருகைத் திரும்ப மூடினேன்.

'காணாமற்போனது' என்று எழுதப்போய்,
இந்த மலையடியில் அந்தச் சொல்லா என்று
கை நின்றது.
நகத்து மண் தாளில் உதிர
எழுதினேன்:
வேர் தரவில்லை.