வளர்ச்சி இல்லை

ஐந்து நாள் ஆகியும் புட்டிகள் ஊமை.
"வளர்ச்சி இல்லை" என்று மூன்றாம் முறையும்
நான்தான் தட்டச்சு செய்தேன்.
சென்றாயன், நாற்பத்தாறு, போச்சம்பள்ளி.
பொழுது சாய்ந்தால் காய்ச்சல்,
விடிந்தால் சட்டை பிழியலாம்.
எக்கோவில் மட்டும் வால்வின் ஓரம்
ஏதோ ஆடிக்கொண்டிருந்தது,
வேலியில் மாட்டிய துணிக்கிழிசல் மாதிரி.

சேலத்தில் வால்வை மாற்றினார்கள்.
அறுத்ததில் உளுந்தளவு துண்டு
ஐஸ் பெட்டியில் வேலூர் போனது.
அங்கே யாரும் எதையும் வளர்க்கவில்லை.
சதைக்குள் ஒளிந்த நாலெழுத்துச் சரத்தைப்
பி.சி.ஆரில் கோடிமுறை பெருக்கி
எழுத்துக்கூட்டி வாசித்தார்கள்.

செவ்வாய் மதியம் பெயர் வந்தது: காக்ஸியெல்லா.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்து
மறந்தே போயிருந்தேன்.

டாக்டர் பூங்கோதை கிருஷ்ணகிரி வார்டுக்கு இறங்கிப் போய்
ஒன்றே ஒன்று கேட்டார்:
"ஆடு குட்டி போடறப்ப கூட இருந்தீங்களா?"
அவருக்குச் சிரிப்பு.
"முந்தின மார்கழி. ரெட்டை.
ரெண்டாவது மூச்சே விடல.
மூக்குல வாய் வச்சு ஊதினேன்,
பொழச்சிக்கிச்சு."

பதினெட்டு மாசம் மாத்திரை என்றோம்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அந்தக் குட்டிய ஆடியில வித்துட்டேன்,
நாலாயிரத்து இருநூறுக்கு."