பதினைந்தாவது எலும்பு

வியாழன் நாலரைக்கே இருட்டிவிட்டது பேர்னில்.
மழையாகவே இருந்துவிடலாமா என்று
பனி இன்னும் முடிவெடுக்காத நேரம்.
லூக்கா ட்சூர்புக்கனின் முழங்கை
இரண்டு தட்டுகளைச் சரித்தது.
ஒன்றில் நாயின் இடது மணிக்கட்டு.
மற்றதில் பூனையுடையது.

சத்தம் பெரிதில்லை,
வறுத்த கடலை சிந்தியதுபோல்.
அவன் முகம்தான்
திங்கட்கிழமைப் பரீட்சையை
அப்போதே எழுதித் தோற்றது.

"பெரியதெல்லாம் நாய், சிறியதெல்லாம் பூனை" என்றான்.
அப்படியென்றால் இந்தக் கூடத்தில்
எனக்கு எதற்குச் சம்பளம்?
நாய் ஒரு டெரியர், மடிக்குள் அடங்கும்.
பூனையோ தூன் ஏரிப் பண்ணையொன்றில்
எலி தின்று கொழுத்த கடுவன்.

எண்ணிக்கையும் கைகொடுக்காது.
இதற்கும் ஏழு, அதற்கும் ஏழு.
நமக்குத்தான் எட்டு:
நம்மிடம் படகென்றும் பிறையென்றும்
பிரிந்து கிடப்பவை
இவற்றிடம் ஒட்டி ஒன்றாகிவிடும்.
குட்டியில் அது மூன்று துண்டு.
சில மாதங்களில் கூடிக்கொள்ளும்.
தழும்பு இருக்குமா என்று
லென்ஸ் வைத்துத் தேடியிருக்கிறேன். இல்லை.

ஜெர்மனில் இதற்குக் கைவேர் என்று பெயர்.
விரல்நுனியில் நடக்கும் பிராணிக்கு
தரையைத் தொடாத வேர்.
தமிழிலோ மணிக்கட்டு.
பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்வி
அங்கேயும் நிலுவையில்தான்.
லூக்காவுக்குச் சொல்லிப் பார்த்தேன்.
"கழுத்தில்தானே கட்டுவார்கள்?" என்றான்.

கண்ணுக்குப் பிடிபடாததை
விரலால் பிரித்தேன்.
நாயுடையது கதவுக் கீல்,
முன்னே, பின்னே, முன்னே.
நாய்க்கு வேலையுமில்லை நிற்க நேரமுமில்லை
என்று முதலில் சொன்னவர்
இந்த விளிம்பைத் தடவியிருக்க வேண்டும்.
பூனையுடையது கொஞ்சம் திரும்பும்.
உள்ளங்கையை உள்நோக்கி மடித்து
மரத்தைக் கட்டிக்கொள்ளும்,
எலியைக் கன்னத்தில் அறையும்,
அறைந்த கையாலேயே முகம் கழுவும்.

பின்னால் துருத்திய எலும்பை வைத்து
இன்னும் இரண்டைப் பிரித்தேன்:
இடுப்பு ஒடுங்கியது டெரியருக்கு.

பூனையின் மணிக்கட்டுக்குப் பின்னால்
மீசை உண்டு, நாலைந்து மயிர்.
பிடித்த எலி துடிக்கிறதா என்று
இருட்டில் அதுதான் சொல்லும்.
கொதிநீரில் போய்விட்டது.
தட்டில் அதற்கு எண் கிடையாது.

ஏழேகாலுக்கு இரண்டு தட்டும் நிறைந்தன.
ஏழு. ஏழு.
வெள்ளைத் துணியில் ஒன்று மிச்சம்.
கடுகுக்குப் பெரிது, மிளகுக்குச் சிறிது.
பெருவிரல் பக்கத் தசைநாருக்குள்
ஒளிந்து வளர்கிற எலும்பு.
ஏழோடு யாரும் சேர்ப்பதில்லை.
எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுப் புதியவர்கள்
முறிவு என்று பதறுவார்கள்.

"யாருடையது?"
நாய்க்கும் உண்டு. பூனைக்கும் உண்டு.
அப்படியானால் பதினாறு வேண்டும்.

ஆறு மணிக்கு லூர்த்தெஸ் வந்து
தரையை உறிஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.
பையைக் கிழித்துக் கொட்டினோம்:
தலைமயிர், ஒரு சட்டைப் பொத்தான்,
யாரோ கொறித்த சூரியகாந்தி விதை,
தூசி, தூசி,
எலும்பாகவும் இருக்கக்கூடிய தூசி.

கண்ணாடிக் குப்பியில் போட்டு
பென்சிலால் எழுதினேன்:
இடது. நாய் அல்லது பூனை.
லூக்கா நெடுநேரம் அதைக்
குலுக்கிக்கொண்டே இருந்தான்.
அழகான சத்தம்தான்.

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில்
டிக்கெட் எடுத்த நாயொன்று
என் காலடியில் நின்றது.
ஸ்டேஷன் வளைவில் டிரைவர் பிரேக் போட
நான் கம்பியைத் திருப்பிப் பிடித்தேன்.
அதன் முன்கால்கள்
தரைநோக்கி ஒரு கணம் தாழ்ந்து
நிமிர்ந்தன.
உரோமத்துக்கு மேலே எதுவும் தெரியவில்லை.
குனிந்து பார்த்ததற்கு
அதன் சொந்தக்காரி
கயிற்றைச் சற்று இழுத்துக்கொண்டாள்.