கொசுறு

ஐஸ்லாந்தின் வடக்கே ஓர் ஏரி.
மீவாட் என்றால் கொசு ஏரி.
கடிக்காத கொசுதான். ஆனாலும்
காது, மூக்கு, காபிக் கோப்பை,
பாதி சொல்லி நிறுத்திய வாக்கியம்
எதற்குள்ளும் நுழைந்துவிடும்.

ஜூன் பிறந்தால்
கரையோரம் கறுப்புத் தூண்கள் எழும்பும்.
யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று
புதிதாய் வந்தவன் வண்டியை நிறுத்துவான்.
எரிவதென்னவோ உண்மைதான்.
போன கோடையின் வெயில் அது.

எரிமலைப் பாறைக்குள் ஊறி வரும் ஊற்று
கண்ணாடியைக் கரைத்துக் கொண்டுவரும்.
கண்ணுக்குத் தெரியாத பாசிகள்
அந்தக் கண்ணாடியில் வீடு கட்டி
இருட்டாத இரவுகளின் வெளிச்சத்தை
உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும்.
சேற்றில் நெளியும் புழு
வீட்டோடு சேர்த்து விழுங்கும்.
பத்துப் பங்கு தின்றால்
ஒரு பங்கு உடம்பில் ஒட்டும்.
மற்றதெல்லாம்
உயிரோடு இருந்ததற்கான வாடகை.

பிறகு சிறகு. இரண்டு மூன்று நாள் காற்று.
அப்புறம் புல்லின்மேல் விழுகை.

ஸ்டெய்னுன்
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
வியாழக்கிழமைகளில் மட்டும்
பல்கலைக்கழகத்துக்காரர்கள் நட்டுவிட்டுப் போன
பொறிக் கோப்பைகளைக் காலி செய்கிறாள்.
கரையோரக் கோப்பையில் கரண்டி கரண்டியாய்க் கறுப்பு.
அதைத் தராசில் போடுவாள்.
அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பதில்
ஏழு.
அதை எண்ணுவாள்.

கரையை ஒட்டிய மேய்ச்சல் அஸ்வால்தூருடையது.
அங்கே புல் மட்டும் ஒரு நிறம் கூடுதல்.
"என் எரு அப்படி" என்பான்,
ரசீதுகளைத் தட்டிக்காட்டி.
ஏரிக்கு ரசீது கிடையாது.
விலை போடாமல் கைநிறைய அள்ளித் தருவதற்கு
நம் கடைத்தெருவில் ஒரு சொல் உண்டு.
ஸ்டெய்னுனுக்கு அது தெரியாது.
எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான்
பேனா முனையைக் கடித்தாள்.

புல்லை ஆடு தின்னும்.
ஆட்டுச் சாணத்தை வெட்டிக் காயவைத்து
புகைக்குடிலில் மூட்டுவார்கள்.
மேலே வரிசையாய்த் தொங்கும் மீன்,
தண்ணீருக்குள்ளேயே கொசுவைத் தின்று வளர்ந்தது.
கீழே எரிவது
தரைவழியாய்ச் சுற்றி வந்த கொசு.
ஒரே சேற்றில் பிறந்து
பாகம் பிரிந்துபோன பங்காளிகள்
புகையில் சந்தித்துக்கொள்கிறார்கள்.
ரொட்டிமேல் வைத்துத் தின்ன
ருசியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு வருஷம்
தூண்கள் எழும்பவில்லை.
பாசியைப் புழுக்களே தின்று தீர்த்துவிட்டனவாம்.
வண்டிக் கண்ணாடி சுத்தமாக இருந்தது;
அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.
வலையில் வந்த மீன்களுக்குத்
தலைதான் பெரிதாக இருந்தது.
வாத்துக்கூட்டில் கைவிட்டவர்கள்
இறகோடு திரும்பினார்கள்.
குடிலின் பூட்டில் துரு.
ஆகஸ்டில் அஸ்வால்தூர் சங்கத்துக்கு வந்து
ரசீதைத் தட்டாமல்
வழக்கத்தைவிடப் பதினோரு மூட்டை உரம்
கூடுதலாகக் கேட்டான், மெதுவாக.

அன்றுதான் அவளால் எழுத முடிந்தது.
பழைய வருஷங்களுக்குப் பின்னால் போய்
பென்சிலால், ஒவ்வொரு கோடைக்கும்:
ஏரியிடமிருந்து வரவு, மூட்டை பதினொன்று.

மண்ணின் கணக்கு அப்படி ஒருவழியாய் நேராகிவிடும்.
இறகு, எலும்பு, சாணம், சாம்பல்,
மழை கழுவி மறுபடி ஏரிக்கே கொண்டுபோகும்.
வெயிலின் கணக்குதான் நேராவதில்லை.
புழு நெளிந்த சூடு, மீன் துள்ளிய சூடு,
குடிலின் புகைபோக்கிக்கு மேல்
அவள் கைநீட்டி ஒரு கணம் தொட்ட சூடு,
எல்லாம் வானத்துக்குப் போனது போனதுதான்.
யாரும் கேட்காமலே
மறுநாள் புதிதாக வருகிறது.
அதற்கும் ரசீது கிடையாது.

இரண்டு கோடை கழித்து
ஒரு வியாழக்கிழமை.
தூரத்துக் கோப்பைமேல் குனிந்து
"வந்துவிட்டன" என்று கத்த வாயைத் திறந்தாள்.

குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது:
கோப்பையில் ஆறு.
தொண்டையில் ஒன்று.